கன்னியாகுமரி முதல் தங்கசேரி வரை கடலோரமாகப் போக வேண்டும்: கூடாரம் எங்கே போடலாம்?

தக்கலை ஆசிரியர்
ஜனவரி 4, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. தாத்தா கொல்லத்தில் ஒரு முந்திரி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அப்பா பத்து வயதுவரை அங்கே வளர்ந்தவர். இரவில் தங்கசேரி கலங்கரை விளக்கின் வெளிச்சம் வீட்டு ஜன்னலைத் தொட்டுவிட்டுப் போகும் என்று எங்கள் சின்ன வயதிலிருந்தே சொல்லிவருகிறார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை ரயிலில் கொல்லத்தைக் கடந்திருக்கிறார். இறங்கிப் பார்த்ததில்லை.

இந்த மாதம் 26ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்புப் போட்டால் நான்கு நாள் கிடைக்கும். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலை ஏறாமல் கடலை இடது கையில் வைத்துக்கொண்டே தங்கசேரி வரை போக வேண்டும் என்பது ஆசை. நான், மனைவி, அப்பா, 11 வயது மகள், 7 வயது மகன். ஈக்கோ வண்டி. ஒரு பெரிய கூடாரமும் ஒரு சிறியதும் வாங்கிவிட்டேன். மூன்று இரவும் கடற்கரை மணலிலேயே தங்க நினைக்கிறேன். முதல் இரவு முட்டம், இரண்டாவது பூவார், மூன்றாவது வர்க்கலைக் குன்றின் மேல். சரியாக வருமா? இந்தக் கரையை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணக்குடி பக்கம்
ஜனவரி 4, இரவு 10.05

பொங்கலுக்குக் கிளம்பாமல் 23ஆம் தேதி கிளம்புவது நல்லது. மகரவிளக்கு முடியும்வரை சபரிமலைக்குப் போய்வரும் ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரியில் வண்டி நிறுத்தவே இடம் இருக்காது.

ஆனால் கடல் இடது கையிலேயே இருக்காது. இந்தப் பாதையின் போக்கைத் தீர்மானிப்பவை ஐந்து பொழிகள், அதாவது ஆறோ காயலோ கடலில் சேரும் வாய்கள். மணக்குடியில் பழையாறு, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு, பூவாரில் நெய்யாறு, பெருமாதுறை அருகே முதலப்பொழி, கொல்லத்துக்கு முன்னால் பரவூர்ப் பொழிக்கரை. சில இடங்களில் கடலை ஒட்டியே பாலம் உண்டு, சில இடங்களில் உள்ளே போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். மணக்குடிப் பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது பிறகு கட்டியது. அதில் நிறுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல்.

தேங்காய்ப்பட்டணத்தில் மட்டும் கடலை விட்டுவிடுங்கள். புதுக்கடை வழியாக கணபதியான்கடவுப் பாலம் ஏறி நித்திரவிளை, கொல்லங்கோடு, ஊரம்பு, அங்கிருந்து பூவார். அதுதான் வண்டிக்கும் வயதானவருக்கும் நல்லது.

குளச்சல் வள்ளக்காரர் மகன்
ஜனவரி 5, காலை 6.40

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். நான் இப்போது நாகர்கோவிலில் வேலை செய்தாலும் வீடு கரையில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பார்க்கும்போது காலியாகத் தெரியும் மணல் காலியான இடமில்லை. அது எங்கள் முற்றம். வலை உலர்த்துவது அங்கே, வள்ளம் ஏற்றி வைப்பது அங்கே, கரமடி வலையைக் கரையில் நின்று இழுப்பது அங்கே, விடியலில் மீன் ஏலம் போடுவதும் அங்கே. இரவு இரண்டு மூன்று மணிக்கு வள்ளம் தள்ள ஆட்கள் வருவார்கள். இருட்டில் நடுவழியில் ஒரு கூடாரம், அதற்குள் பிள்ளைகள் படுத்திருந்தால் தள்ளுகிறவனுக்கும் தெரியாது, படுத்திருப்பவருக்கும் தெரியாது. இன்னொன்று, வலை எல்லாம் நைலான். அதன் அருகே அடுப்பு மூட்டி ஒரு பொறி பறந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போய்விடும்.

தங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கேட்டுத் தங்குங்கள். ஊருக்குள் நுழைந்ததும் கோயில் முற்றத்துக்குப் போய்ப் பங்குத்தந்தையையோ பங்குப்பேரவை ஆட்களையோ பாருங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற இடங்களில் ஜமாஅத்தாரையும் பார்க்கலாம். யார், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், எப்போது கிளம்புவீர்கள் என்று சொல்லுங்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அறியாத வண்டி இரவில் கரையில் நின்றால் காவல் துறைக்குச் சொல்லும்படி எங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு நின்றால் ஊரே காவல் இருக்கும்.

அடுத்தது கள்ளக்கடல். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிந்திருக்கும். இந்தியப் பெருங்கடலின் தெற்கே வெகுதூரத்தில் புயல் கிளப்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து திடீரென்று கரைக்குள் ஏறும். எங்கள் ஆட்களும் மலையாளக் கரைக்காரர்களும் காலங்காலமாகச் சொல்லும் இந்தப் பெயரை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. அதிகமாக வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஜனவரியில் அச்சம் குறைவு என்றாலும், ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல் எச்சரிக்கையை ஒவ்வொரு மாலையும் பாருங்கள். மணலில் ஈரக்கோடும் அதற்கு மேலே குப்பை ஒதுங்கிய கோடும் தெரியும். குப்பைக் கோட்டுக்கும் மேலே, செடி கொடி பிடித்த மேட்டுக்குப் பின்னால் போனால்தான் தூங்கலாம்.

உங்கள் முதல் இரவுக்கு ஒரு யோசனை. மண்டைக்காட்டுக்கும் குளச்சலுக்கும் இடையில் என் மாமாவின் தென்னந்தோப்பு இருக்கிறது. சாலைக்கு மேற்புறம், கடல் சத்தம் கேட்கும் தூரம். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருக்கும், ஆனால் குளிக்கலாம். கழிப்பறை உண்டு. பணம் வேண்டாம். தனிச்செய்தியில் எழுதுங்கள்.

இரண்டு சக்கரம்
ஜனவரி 5, காலை 11.15

கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் நான் நண்பர்களோடு மணலிலேயே கூடாரம் போட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை, யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. அவ்வளவு அழகான இடம். காலை எழுந்ததும் நேராகக் கடலில் குளித்தோம். ஆசிரியர் தாராளமாகப் போகலாம்.

முட்டத்து மருமகள்
ஜனவரி 5, மதியம் 1.30

தம்பி, நீங்கள் நல்லபடியாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவருக்கு அந்த இடத்தை இப்படிச் சொல்லாதீர்கள். 2024 மே 6ஆம் தேதி அதே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். நாகர்கோவிலில் ஒரு திருமணத்துக்கு வந்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாள் அது. அந்த வாரம் முழுவதும் எங்கள் ஊரில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

இந்தக் கரையில் மணல் சட்டென்று இறங்கும். முழங்கால் தண்ணீரில் நிற்பவரை உள்ளிழுக்கும் ஓட்டம் இருக்கிறது. ஆசிரியரே, குமரி மாவட்டத்தில் எங்கேயும் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். முட்டத்தில் பாறைமேல் ஏறவும் விடாதீர்கள், பாசி வழுக்கும். சாலை மட்டத்திலிருந்தே முட்டத்துச் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கலாம், கலங்கரை விளக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி வழியாக இறங்கும்போது மணலின் நிறம் மாறுவதை மகளுக்குக் காட்டுங்கள். கறுப்பும் செம்மையுமாக இருக்கும். இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்த மணல் அது.

இரண்டு சக்கரம்
ஜனவரி 5, மாலை 4.50

அக்கா, நீங்கள் சொன்ன செய்தி எனக்குத் தெரியும். இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் போனதும் ஒரு ஏப்ரலில்தான். நான் சொன்னதை ஆசிரியர் விட்டுவிடட்டும்.

தக்கலை ஆசிரியர்
ஜனவரி 5, இரவு 9.45

முட்டம் மணலை விட்டுவிட்டேன். குளச்சல் தம்பிக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். கேட்டுத் தங்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது வருத்தமாக இருக்கிறது. என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பலர் அந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள்.

பூவாரிலும் வர்க்கலையிலும் என்ன செய்வது? குன்றின் மேல் கூடாரம் போட்டால் அலைப் பயம் இருக்காதல்லவா?

சாலைக் கடைத்தெரு
ஜனவரி 6, காலை 7.10

நான் திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழன். கேரளப் பகுதியை நான் சொல்கிறேன்.

பூவாரில் நெய்யாறு கடலில் விழும் இடத்தில் நீளமான மணல் திட்டு இருக்கிறது. பகலில் படகில் போய்ப் பார்த்துவரலாம், அருமையான இடம். அதன்மேல் இரவு தங்க நினைக்கவே வேண்டாம். ஆற்றில் தண்ணீர் கூடினால் பொழி உடையும், திட்டு இடம் மாறும். இன்றைக்கு மணல் இருந்த இடத்தில் நாளைக்கு நீர் ஓடும்.

அங்கிருந்து விழிஞ்ஞம். ராஜராஜ சோழன் படையெடுத்த பழைய துறைமுகம்; இன்றைக்கு அங்கே பெரிய கொள்கலன் கப்பல்கள் நிற்கின்றன. புதிய துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாறையில் குடைந்த சிறிய கோயில் ஒன்றும் ஊருக்குள் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு வரலாறு பிடிக்கும் என்றால் இறங்குங்கள்.

விழிஞ்ஞம் தாண்டியதும் நகரத்துக்குள் கடலோரமாகப் போக முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். வலியதுறை, சங்குமுகம் பக்கம் கடல் நிறையத் தின்றுவிட்டது. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது சங்குமுகத்தில் விமான நிலையச் சாலையே சேதமானது. புறவழிச்சாலையில் ஏறிக் கழக்கூட்டம் போய், பெருமாதுறையில் மறுபடி கடலைப் பிடியுங்கள். அங்கே முதலப்பொழிப் பாலம். கீழே துறைமுக வாய் வழியாக வள்ளங்கள் அலையோடு மோதி வெளியேறுவதைப் பார்க்கலாம். பல வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போன இடம். பாலத்தில் வண்டியை நிறுத்தாமல், கடந்து போய் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

பாலம் இறங்கினால் அஞ்சுதெங்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை சாலையோரத்திலேயே நிற்கிறது. 1721இல் ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசுப் பொருள்களோடு போன கம்பெனிக்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஊர் மக்கள் வழிமறித்துக் கொன்றார்கள். வெள்ளையரை எதிர்த்து எழுந்த மிகப் பழைய எழுச்சிகளில் ஒன்று அது. பாடப்புத்தகத்தில் அதற்கு உரிய இடம் இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். நீங்கள் ஆசிரியர், பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்லுங்கள்.

வர்க்கலைக் குன்று பற்றி: அலைப் பயம் இல்லை, சரிவுப் பயம் உண்டு. மேலே செம்பாறாங்கல், அடியில் மணற்கல்லும் களிமண்ணும். மழைநீர் மேலிருந்து இறங்கி இடையில் ஊற்றாகக் கசிகிறது, அடியை அலை அரிக்கிறது. விளிம்பு அவ்வப்போது துண்டு துண்டாக விழும். விளிம்பில் கூடாரம் போட எவரும் விடமாட்டார்கள், விட்டாலும் போடாதீர்கள். வர்க்கலைக்கு வடக்கே காப்பில் போய்விடுங்கள். தென்னந்தோப்புக்குள் கூடாரத்துக்கு இடம் தரும் வீடுகள் அந்தப் பக்கம் உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைக் களியக்காவிளைக்கு, அல்லது நீங்கள் போகும் பாதையில் ஊரம்புக்கு, முன்பே நிரப்பிவிடுங்கள். எல்லை தாண்டினால் விலை கூடுதல்.

கொல்லத்துத் தமிழ்
ஜனவரி 6, இரவு 8.30

காப்பிலைப் பற்றி நானும் ஒரு வார்த்தை. ஒரு பக்கம் இடவா காயல், இன்னொரு பக்கம் கடல், நடுவில் சாலை. மாலை ஐந்து மணிக்கு அங்கே இருங்கள்.

காப்பிலிலிருந்து பரவூர், பொழிக்கரை, முக்கம் வழியாக வரலாம். இரவிபுரம் பக்கம் கடலரிப்புச் சுவரும், அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளுமாக இருக்கும். சாலை சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் இருக்காது. முதல் நாள் என்னிடம் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

தங்கசேரி விளக்கு 1902இல் கட்டியது. 41 மீட்டர் உயரம். அப்பா படியேற முடியுமா என்று கவலைப்பட்டிருப்பீர்கள்; உள்ளே லிஃப்ட் இருக்கிறது, கடைசியில் கொஞ்சம் படிதான். பார்வையாளர் நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே போர்த்துகீசியர் கோட்டையின் இடிந்த சுவர் இருக்கிறது, 1519இல் எழுந்தது.

ஒரு வேண்டுகோள். ஜன்னலைத் தொட்ட வெளிச்சம் என்று எழுதியிருந்தீர்களே. மேலே ஏறிப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். இருட்டி, விளக்கு எரியும்வரை இருங்கள். அப்பா பார்த்தது அதைத்தானே.

மலையேறி
ஜனவரி 7, மதியம் 12.20

கூடாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. முளை மணலில் நிற்காது. பழைய அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது. மாலைவரை காற்று கடலிலிருந்து வரும், நள்ளிரவுக்குப் பிறகு கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அதனால் வாசலை இரண்டுக்கும் குறுக்காக வையுங்கள்.

தோப்பில் போடும்போது மேலே பாருங்கள். காய்த்த தென்னைக்கு அடியில் கூடாரம் கூடவே கூடாது. தேங்காய் மட்டுமில்லை, காய்ந்த மட்டை விழுந்தாலே போதும். காய் வெட்டி முடித்த மரங்களுக்கு நடுவே, அடிமரத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

74 வயதுக்காரரைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். எழுந்திருக்கத்தான் கஷ்டம். மடக்குக் கட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலை ஆசிரியர்
ஜனவரி 8, இரவு 9.00

திட்டத்தை மாற்றிவிட்டேன். கூடாரத்தில் இரண்டு இரவு மட்டும். வெள்ளி இரவு குளச்சல் தம்பியின் மாமா தோப்பு, சனி இரவு காப்பிலில் ஒரு வீட்டுத் தோப்பு, பேசி முடித்துவிட்டேன். ஞாயிறு தங்கசேரியில் விளக்கு எரியும்வரை. இரவு கொல்லத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டுத் திங்கள் காலை நெடுஞ்சாலையில் வீடு திரும்பல். தை அமாவாசை 18ஆம் தேதியே முடிந்துவிடுவதால் கடல் ஏற்றமும் குறைவாகவே இருக்கும் என்று குளச்சல் தம்பி சொன்னார்.

குளச்சல் வள்ளக்காரர் மகன்
ஜனவரி 8, இரவு 9.30

மாமி மரச்சீனி அவித்து வைப்பார். சாளை கிடைத்தால் சாளை, இல்லையென்றால் நெத்திலி. அரிசி மூட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

தக்கலை ஆசிரியர்
ஜனவரி 27, இரவு 8.15

நேற்று மதியம் வீடு வந்து சேர்ந்தோம். இன்று பள்ளி முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

கன்னியாகுமரியில் மேகம் மறைத்துவிட்டது, உதயம் கிடைக்கவில்லை. மணக்குடிப் பாலத்தில் அந்தக் குறை தீர்ந்தது. நாங்கள் போன நேரம் காயலிலிருந்து கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. மகன் எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டான். குளச்சலில் 1741 போரின் வெற்றித் தூணைப் பார்த்தோம். மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுத் தளபதி டி லனாய் பிறகு அவருக்கே படைத்தலைவரானதும், அவருடைய கல்லறை நம் தக்கலைப் பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள் இருப்பதும் மகளுக்குப் புதிய செய்தி. அடுத்த ஞாயிறு அங்கே போக வேண்டுமாம்.

தோப்பில் அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மூன்று மணிக்குக் கரையில் ஆட்கள் சேர்ந்து வள்ளம் தள்ளும் குரல் கேட்டது, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின் சத்தம். நான் முதலில் நினைத்திருந்த இடம் அந்தக் குரல் வந்த திசையில்தான் இருந்தது. பக்கத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலைக் கடைத்தெரு நண்பர் சொன்னபடி அஞ்சுதெங்குக் கோட்டைச் சுவரருகே நின்று 1721இன் கதையைச் சொன்னேன். காப்பிலில் காற்று பலமாக இருந்தது, சாக்கு முளைகள் அசையவில்லை. அப்பா மடக்குக் கட்டிலில் என்னைவிட நன்றாகத் தூங்கினார்.

தங்கசேரியில் லிஃப்டில் மேலே போனோம். ஊர் முழுவதும் தென்னை, நடுநடுவே ஓட்டு வீடுகள். பழைய வீடு எந்தப் பக்கம் என்று அப்பாவால் மேலிருந்து சொல்ல முடியவில்லை. கீழே இறங்கிச் சாலையில் நின்றதும் சொன்னார். நடந்தோம். வீடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடிக் கட்டடம். அதன் எதிரே உள்ள மதில் ஓரமாக நின்றோம். இருட்டியது. விளக்கு எரிந்தது. முதல் வெளிச்சம் அந்தக் கட்டடத்தின் மாடி ஜன்னல் கண்ணாடியில் பட்டுப் போனது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு முறை வெளிச்சம் வந்தபோதும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார், சின்ன வயதில் தூக்கம் வரும்வரை எண்ணுவாராம். நாங்கள் அறைக்குத் திரும்பும்போது மணி எட்டரை.

கொல்லத்துத் தமிழ்
ஜனவரி 27, இரவு 9.05

படித்துவிட்டு என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரவிபுரம் வழியாக வந்தீர்களா?

தக்கலை ஆசிரியர்
ஜனவரி 27, இரவு 9.20

இல்லை. நீங்கள் சனிக்கிழமை அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டுப் பரவூரிலேயே உள்ளே திரும்பிவிட்டோம். அந்தத் துண்டு மட்டும் கடலைப் பார்க்காமல் வந்தோம்.

குளச்சல் தம்பி, மாமாவின் மண்வெட்டி என் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. சாக்கு புதைக்க வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொண்டுவருகிறேன், மாமியிடம் சொல்லிவையுங்கள். அப்பாவும் வருகிறார்.